கடனை மாற்றுவதா? கடனைத் தீர்ப்பதா?

 



ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வாழும் நாம் வீட்டில் உருதுவும், வீதியில் தமிழும், அத்திப்பள்ளியைத் தாண்டினால் கன்னடமும் பேசுகிற மக்கள். ஆனால் நம்மில் பலருடைய வீட்டுக்கு மாதந்தோறும் வரும் ஒரு கணக்கு மட்டும் ஆங்கிலத்தில், அதுவும் பொடி எழுத்தில் வருகிறது. அதுதான் கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்ட். சிப்காட் தொழிற்சாலையில் வேலை செய்பவர், பெங்களூருக்குத் தினமும் பேருந்தில் போய்வருபவர், கடைவீதியில் வியாபாரம் செய்பவர் எனப் பலரும் இன்று கார்டு வைத்திருக்கிறார்கள். அவர்களில் கடனில் சிக்கியவர்கள் ஜும்ஆவுக்குப் பின் ஆலிம்களைத் தனியே அழைத்துக் கேட்கும் கேள்வி இது: “ஹஜ்ரத்! வேறொரு வங்கி குறைந்த வட்டிக்கு என் கார்டுக் கடனை மாற்றித் தருவதாகச் சொல்கிறது. பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் என்கிறார்கள். செய்யலாமா?”

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உலகக் கணக்கில் இது லாபமா என்பது ஒன்று. மார்க்கத்தின் பார்வையில் இது ஆகுமா என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே விளங்கிக்கொண்டால்தான் சரியான முடிவுக்கு வர இயலும்.

மூன்றரை வட்டி

வட்டிக்கடைக்காரர் ஒருவர் நம்மிடம் வந்து, “மூன்றரை வட்டிக்குப் பணம் தருகிறேன்” என்று சொன்னால் நாம் என்ன செய்வோம்? நூற்றுக்கு மாதம் மூன்றரை ரூபாயா என்று பதறி விலகிவிடுவோம். ஆனால் நம் நாட்டில் பல வங்கிகளின் கிரெடிட் கார்டு வட்டி மாதத்துக்கு 3 விழுக்காட்டிலிருந்து 3.75 விழுக்காடு வரை இருக்கிறது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 36 முதல் 45 விழுக்காடு! கார்டு வட்டியின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரியும் சேருகிறது. வீட்டுக்கடன் வட்டிக்கும் நகைக்கடன் வட்டிக்கும் இந்த வரி கிடையாது. கார்டு வட்டிக்கு உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை.

உதாரணமாக, ஒருவருக்குக் கார்டில் 1,20,000 ரூபாய் கடன் நிற்கிறது, வட்டி மாதம் 3.5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டி 4,200 ரூபாய். அதன் மீது வரி 756 ரூபாய். ஆக 4,956 ரூபாய். அவர் “மினிமம் டியூ” என்று குறிப்பிட்டிருக்கும் சிறு தொகையை, அதாவது 5 விழுக்காடான 6,000 ரூபாயைக் கட்டுகிறார். அதில் அசலுக்குப் போய்ச் சேருவது 1,044 ரூபாய் மட்டுமே! மீதியெல்லாம் வட்டிக்கும் வரிக்கும் போய்விடுகிறது. “மாதாமாதம் தவறாமல் கட்டுகிறேன், கடன் மட்டும் அப்படியே நிற்கிறதே” என்று அவர் கலங்குவதற்குக் காரணம் இதுதான்.

மற்றொன்றையும் கவனியுங்கள். முந்தைய மாதத்து பாக்கி ஒரு பகுதி நின்றுவிட்டாலும், புதிதாக வாங்கும் பொருள்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைப்பதில்லை. வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போனால் கடன் மாதங்களுக்கும் ஆண்டுகளுக்கும் நீளும் என்று ஸ்டேட்மெண்டிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எச்சரிக்கை அச்சாகத்தான் வருகிறது; நாம்தான் படிப்பதில்லை.

அறியாமைக் காலத்தின் சாயல்

அறியாமைக் காலத்து அரபியரிடம் இருந்த வட்டி எப்படிப்பட்டது என்பதை ஹதீஸ் விளக்கவுரைகள் கூறுகின்றன. கடனின் தவணை வந்ததும் கடன் கொடுத்தவர் கடனாளியிடம் போய், இப்போதே கட்டுகிறாரா, அல்லது தொகையைக் கூட்டிக்கொண்டு தவணையை நீட்டிக்கொள்கிறாரா என்று கேட்பார். கட்ட வழியில்லாதவர் கூட்டிக்கொள்ளச் சம்மதிப்பார். அடுத்த தவணையிலும் இதே கேள்வி. சிறு கடன் மலைபோல் வளர்ந்து அவரை விழுங்கிவிடும். திருக்குர்ஆன் கடுமையாகத் தடுத்த வட்டி இது. நபி (ஸல்) அவர்கள் தமது இறுதி ஹஜ்ஜின் பேருரையில் அறியாமைக் கால வட்டியை ரத்துச் செய்தபோது, முதலாவதாகத் தம் சொந்தச் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டிய வட்டியையே ரத்துச் செய்தார்கள்.

கார்டு ஸ்டேட்மெண்டில் “மொத்தத் தொகை” என்றும் “குறைந்தபட்சத் தொகை” என்றும் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துப் பாருங்கள். முழுவதும் கட்டுகிறாயா, தொகையைக் கூட்டிக்கொள்கிறாயா என்ற அதே பழைய கேள்விதானே அங்கே நிற்கிறது?

பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் என்றால் என்ன?

ஒரு வங்கியின் கார்டில் நிற்கும் கடனை மற்றொரு வங்கி கட்டிவிடுகிறது. அந்தத் தொகை இப்போது புதிய வங்கியின் கார்டில் நம் பெயரில் கடனாக ஏறுகிறது. குறிப்பிட்ட காலத்துக்கு வட்டி குறைவு என்பதே இதிலுள்ள கவர்ச்சி. சில வங்கிகள் இரண்டு மாதம் போன்ற குறுகிய காலத்துக்கு வட்டியே இல்லை என்பார்கள். சில வங்கிகள் ஆறு மாதம், ஓராண்டு என நீண்ட தவணைக்குக் குறைந்த வட்டி என்பார்கள். பெரும்பாலும் இதற்கு முன்கட்டணம் ஒன்று உண்டு. கார்டின் முழு வரம்புக்கும் மாற்றித் தரமாட்டார்கள். ஒரு பகுதிக்குத்தான் தருவார்கள்.

மதரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயா நூலில் “ஹவாலா” என்றொரு பாடம் உண்டு. கடனை இடம் மாற்றுவது பற்றிய சட்டங்கள் அதில் இருக்கின்றன. சிலர் இதைக் கேள்விப்பட்டு, பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரும் ஹவாலாதானே என்று கேட்கிறார்கள். அப்படியல்ல. ஹவாலாவில் கடன் கொடுத்தவர் அவரே. கடனைக் கட்டும் பொறுப்பு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாறுகிறது. அதில் ஒரு காசும் கூடுவதில்லை. பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரில் கடனாளி நாமேதான். கடன் கொடுத்தவர் மட்டும் மாறுகிறார், கூடவே கட்டணமும் வட்டியும் புதிதாக ஒட்டிக்கொள்கின்றன. சுமை அதே தோளில்தான் இருக்கிறது!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மேலே சொன்ன அதே சகோதரர் 1,20,000 ரூபாய் அசலை மாதம் 10,000 வீதம் 12 மாதங்களில் அடைக்க உறுதி பூணுகிறார் என்று கொள்வோம்.

பழைய கார்டிலேயே 3.5 விழுக்காட்டில் அடைத்தால், குறைந்துகொண்டே வரும் அசலுக்கான மொத்த வட்டி 27,300 ரூபாய். வரி 4,914 ரூபாய். ஆகச் செலவு 32,214 ரூபாய்.

மாதம் 1.5 விழுக்காடு வட்டிக்கு, 2 விழுக்காடு முன்கட்டணத்துடன் மாற்றினால், வட்டி 11,700 ரூபாய், வரி 2,106 ரூபாய், முன்கட்டணமும் அதன் வரியும் 2,832 ரூபாய். ஆகச் செலவு 16,638 ரூபாய்.

மிச்சம் 15,576 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு இது சிறிய தொகையல்ல. ஆகவே உலகக் கணக்கில் இது லாபமா என்றால், லாபம்தான். ஆனால் அந்த லாபம் இரண்டு நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. மாதம் 10,000 ரூபாய் அசல் தவறாமல் அடைபட வேண்டும். புதிதாக ஒரு ரூபாய்கூடக் கடன் ஏறக்கூடாது.

எங்கே சறுக்குகிறார்கள்?

முதலாவது: பழைய கார்டின் கடன் அடைந்ததும் அதன் வரம்பு முழுவதும் காலியாகிவிடுகிறது. “1,20,000 ரூபாய் கையில் இருக்கிறது” என்று மனம் சொல்கிறது. பெருநாள் துணிமணி, உறவினர் திருமணம், புதிய கைப்பேசி என்று மீண்டும் தேய்க்கிறார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு வங்கிகளுக்கும் கடன்! ஒரு கடனைக் குறைக்கப் போனவர் இரண்டு கடனோடு நிற்கிறார்.

இரண்டாவது: சலுகைக் காலம் முடிவதை மறந்துவிடுகிறார்கள். அதன்பின் மீதித் தொகைக்கு வழக்கமான உயர்ந்த வட்டி வந்துவிடும். இரண்டு மாதம் வட்டியில்லை என்று நம்பி மாற்றியவர், அந்த இரண்டு மாதத்தில் அடைக்க முடியாவிட்டால், முன்கட்டணமும் கட்டிப் பழைய இடத்துக்கே திரும்புகிறார். பிறகு மூன்றாவது வங்கியைத் தேடுகிறார்.

மூன்றாவது: வருமானத்துக்கும் தவணைக்கும் பொருத்தம் பார்ப்பதில்லை. மாதச் சம்பளக்காரருக்கு மாதத் தவணை பொருந்தும். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியை நம்பி வாழ்பவருக்குப் பணம் பருவத்தில்தான் வரும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அடுத்த மாத வேலையே உறுதியில்லை. ஒரு தவணை தவறினாலும் தாமதக் கட்டணம் விழும். சலுகை வட்டியும் பறிபோகலாம்.

நான்காவது: புதிய வங்கியின் பணம் பழைய கார்டுக்குப் போய்ச் சேரச் சில நாட்கள் ஆகும். மாற்றிவிட்டோமே என்று இடையில் வரும் பழைய கார்டின் கடைசித் தேதியைத் தவறவிடக்கூடாது.

ஐந்தாவது: “பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் செய்து தருகிறோம்” என்று தொலைபேசியில் அழைத்து, கார்டு எண்ணையும் ஓ.டி.பி.யையும் கேட்டுப் பணத்தைப் பறிக்கும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். எந்த வங்கியும் ஓ.டி.பி. கேட்காது. நீங்களே வங்கிக்குச் சென்றோ, கார்டின் பின்புறமுள்ள எண்ணை அழைத்தோ பேசுங்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

கிரெடிட் கார்டு பற்றி உலகின் பல நாட்டு அறிஞர்கள் கூடும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ரியாதில் கூடி ஆராய்ந்தது. வட்டி நிபந்தனையுள்ள கார்டைப் பெறுவதோ பயன்படுத்துவதோ கூடாது, வட்டி விழுமுன் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் சரியே என்று அது தீர்மானித்தது. நம் நாட்டு உலமாக்களில் சிலர், தேவையுள்ளவர் கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டி, ஒரு ரூபாய்கூட வட்டி விழாமல் பார்த்துக்கொண்டால் கார்டைப் பயன்படுத்தலாம் என்கிறார்கள். வட்டி கட்டும் நிலைக்குப் போவது கூடாது என்பதில் இரு தரப்பாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வட்டி வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் யாவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள் என்பது முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ள செய்தி.

அப்படியானால், ஏற்கனவே சிக்கிக்கொண்டவர் என்ன செய்வது? அவர் முதலில் தவ்பா செய்ய வேண்டும். இனி வட்டிக் கடன் வாங்குவதில்லை என்று உறுதி பூண வேண்டும். அடுத்து, வட்டியில்லாத வழிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். எல்லாக் கதவுகளும் மூடப்பட்டு, பெரிய வட்டியில் கிடப்பதா, சிறிய வட்டிக்கு மாறி விரைவில் வெளியேறுவதா என்ற நிலை மட்டுமே எஞ்சினால், தவிர்க்க முடியாத இரு தீமைகளில் இலேசானதைத் தேர்வது என்ற ஃபிக்ஹுச் சட்ட விதி இங்கே பேசப்படும். அந்த விதி நிர்ப்பந்தத்துக்கு உரியது, வசதிக்கு உரியதல்ல. பழைய கார்டை மூடாமல், செலவைக் குறைக்காமல், வட்டி குறைகிறது என்பதற்காக மட்டும் மாற்றுபவர் அந்த விதியைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ள முடியாது. உங்கள் கணக்கை எடுத்துச் சென்று, உங்கள் ஊர் முஃப்தியிடம் காட்டி, உங்கள் நிலைக்கான தீர்ப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் காப்பாற்றுமா?

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு சட்டம் வந்தது. கார்டு வட்டிக்கும் ஓர் உச்சவரம்பு வேண்டும் என்று “ஆவாஸ்” என்ற அமைப்பு வழக்குத் தொடுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 ஜூலையில், ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்துவிட்டது. அதாவது 30 விழுக்காடு என்ற வரம்பு இன்று இல்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு நாமே பொறுப்பு.

ஆயினும் சில உரிமைகள் நமக்கு உண்டு. நம் சம்மதமின்றிக் கார்டு தரக்கூடாது. கடனைத் தீர்த்தபின் கார்டை மூடும்படி கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும். 2022இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகள் இவை. வங்கியிடம் முறையிட்டு 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.

குடும்பமாக உட்காருங்கள்

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனைவிட்டும் பாதுகாப்புத் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகம் பாதுகாப்புத் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் பேசுகிறான், வாக்களித்தால் மாறுசெய்கிறான் என்ற கருத்தில் விளக்கமளித்தார்கள். இன்று அந்தப் பொய் வீட்டுக்குள்ளேயே தொடங்குகிறது. ஸ்டேட்மெண்ட் மனைவிக்குத் தெரியாமல் கைப்பேசிக்கு வருகிறது. வங்கியின் அழைப்பு வந்தால் வாசலுக்குப் போய்ப் பேசுகிறார். கணவர் மௌத்தான பிறகுதான் கடன் இவ்வளவு என்று குடும்பம் அறிகிறது. இறந்தவரின் சொத்தைப் பங்கிடுமுன் அவரது கடனைத் தீர்க்க வேண்டும் என்பது குர்ஆனின் சட்டம். கடனோடு இறந்த ஒருவருக்கு, அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைப் பொறுப்பேற்கும் வரை நபி (ஸல்) அவர்கள் ஜனாஸாத் தொழுகை நடத்தாமல் இருந்த நிகழ்ச்சி புகாரியில் இருக்கிறது. ஆகவே இன்றிரவே குடும்பத்தார் ஒன்றாக அமருங்கள். எந்தக் கார்டில் எவ்வளவு, என்ன வட்டி, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

பிறகு வழிகளைப் பாருங்கள். வீட்டில் நகை இருந்தால் அதை அடகு வைத்து மற்றொரு வட்டிக்குள் விழுவதைவிட, ஒரு பகுதியை விற்றுக் கடனை முடிப்பது நல்லது. ஆனால் மனைவியின் நகை மனைவியின் சொத்து. அவர் மனமுவந்து தந்தால் மட்டுமே வாங்க வேண்டும். அதைக் கடனாகக் குறித்துவைத்துத் திருப்பித் தர வேண்டும். வேலை செய்யுமிடத்தில் வட்டியில்லாத முன்பணம் கிடைக்குமா என்று கேளுங்கள். உறவினரிடம் அழகிய கடன் கேட்க வெட்கப்படாதீர்கள். வாங்கினால் எழுத்தில் வையுங்கள். “ஹலால் லாபம்” என்ற பெயரில் பணத்தைப் பெருக்கிக் கடனை அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019இல் பக்கத்து பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது எத்தனை முஸ்லிம் குடும்பங்கள் சேமிப்பை இழந்தன என்பதை நாம் மறக்கவில்லை.

இவ்வழிகள் யாவும் அடைபட்டு, முஃப்தியின் தீர்ப்பும் பெற்று மாற்றினால், முதல் நாளே பழைய கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். புதிய கார்டில் எதுவும் வாங்காதீர்கள். முன்கட்டணம் எவ்வளவு, சலுகை எந்தத் தேதியில் முடிகிறது, அதன்பின் வட்டி எவ்வளவு, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்ற நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஜமாஅத்தின் கடமை

நம் நாட்டில் இஸ்லாமிய வங்கி இல்லை. அந்த யோசனையைத் தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் தெரிவித்துவிட்டது. ஆகவே இது மஹல்லாவின் தோளில் இறங்குகிறது. கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் தர வேண்டும் என்று குர்ஆன் கட்டளையிடுகிறது. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் கடன்பட்டோரும் ஒருவர். மினாராவை உயர்த்தவும் தரைக்குப் பளிங்கு பதிக்கவும் நிதி திரட்டும் நாம், மஹல்லாவில் ஒரு பைத்துல்மால் நிதி தொடங்கி, தகுதியுள்ள பத்துக் குடும்பங்களையாவது மூன்றரை வட்டியிலிருந்து மீட்கக் கூடாதா? அப்படியொரு நிதி இருந்தால், கடனில் சிக்கிய சகோதரர் வேறொரு வங்கியைத் தேடிப் போகாமல் பள்ளிவாசலுக்கு வருவாரல்லவா?

சகோதரர்களே! கடன் ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்கு மாறுவதால் அது தீர்ந்துவிடுவதில்லை. வட்டி குறைந்த காலத்தில் அசலை அடைத்து, கார்டை மூடி, குடும்பம் நிம்மதியாக மூச்சுவிடும் நாளே கடன் தீர்ந்த நாள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் கடனின் சுமையிலிருந்தும் வட்டியின் தீமையிலிருந்தும் காத்து, ஹலாலான வருமானத்தில் பரக்கத் செய்து, எவருக்கும் கடன்படாத நிலையில் நம்மை அவன்பால் அழைத்துக்கொள்வானாக! ஆமீன்.